எண்ணெய் தொட்டதெல்லாம் எண்ணெயில் இருக்கும்

குமரி மாவட்டத்தின் மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றான தேங்காய்ப்பட்டணத்துக்குப் பெயரிலேயே தேங்காய் உண்டு. அந்தப் பக்கத்தில் இரண்டு எண்ணெய்கள் அன்றாடம் புழங்குகின்றன. ஒன்று, கொப்பரை ஆட்டி எடுத்த தேங்காய் எண்ணெய். இன்னொன்று, விசைப்படகு இன்ஜினுக்குள் சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போன இன்ஜின் ஆயில். ஒன்றைக் குழம்பில் தாளிக்கிறோம். மற்றது கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். ஆனால் எதில் எவ்வளவு செம்பு, எவ்வளவு இரும்பு என்று தெரிந்துகொள்ள, இரண்டையும் ஒரே மாதிரிக் கருவியிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

சமையல் எண்ணெயில் உலோகம் எப்படி வருகிறது? மண்ணிலிருந்து மரம் உறிஞ்சுவது கொஞ்சம். கொப்பரை காயப்போட்ட களத்துத் தூசி, ஆட்டும் இயந்திரத்தின் இரும்பு, பித்தளை வால்வு, டிரம் என்று வழியில் சேருவது மிச்சம். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் கணக்கில், சுத்திகரிக்காத எண்ணெய் ஒரு கிலோவில் இரும்பு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். செம்புக்கு வரம்பு 0.4 மில்லிகிராம்தான். சுத்திகரித்த எண்ணெய்க்கு இவை 1.5, 0.1 என்று இன்னும் இறுகும். ஈயத்துக்கு 0.08. பொடி உப்பில் ஒரே ஒரு மணி ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் எடை இருக்கும். ஒரு கிலோ எண்ணெயில் அந்த எடைக்கு ஈயம் கிடந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஈயம் நஞ்சு, சரி. செம்பும் இரும்பும் உடம்புக்குத் தேவையானவைதானே, அவற்றுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? எண்ணெய் காறிப்போவதற்கு அவை துணைபோகின்றன என்பதுதான் முக்கியக் காரணம். எண்ணெய் காற்றோடு சேரும்போது முதலில் பெராக்சைடுகள் உருவாகின்றன. செம்பு அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற செம்பு அணு, அவற்றை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலுள்ள கொழுப்பையும் தாக்குகின்றன. இதில் செம்பு செலவாவதே இல்லை. ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கும், அப்புறம் வாங்கும், மறுபடி கொடுக்கும். குடம் பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறைமோர் போதுமே, அதுபோல. மோரில் நுண்ணுயிர் பெருகுகிறது. இங்கே அதே அயனி திரும்பத் திரும்ப வேலை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வேலையில் இரும்பைவிடச் செம்பு கைதேர்ந்தது. அதனால்தான் அதற்கு வரம்பும் குறைவு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது இந்த வகைத் தாக்குதலை நன்றாகவே தாங்கும். அதைப் பெரும்பாலும் கெடுப்பது சரியாகக் காயாத கொப்பரையின் ஈரம். நல்லெண்ணெயும் மீன் எண்ணெயும் அவ்வளவு தாங்காது.

இனி அளக்கும் கதை. கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது கேஸின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்போம். அது உப்பிலுள்ள சோடியம். ஒவ்வொரு தனிமமும் சூடானால் தனக்கே உரிய நிறத்தில் ஒளி விடும். சோடியத்துக்கு 589 நானோமீட்டர், செம்புக்கு 324.7, அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. ஆய்வகத்தில் அடுப்புக்குப் பதில் ஆர்கான் வாயுவில் ரேடியோ அலையைச் செலுத்தி உண்டாக்கிய பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் கொதி வாயு, இருக்கிறது. அதன் சூடு 6,000 கெல்வினுக்கும் மேல், சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். அதற்குள் திரவத்தைப் பனித்துளிபோல் தெளித்து, எந்த நிறம் எவ்வளவு பிரகாசமாக வருகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். இதுதான் ஐ.சி.பி. (இண்டக்டிவ்லி கப்பிள்டு பிளாஸ்மா) முறை.

தண்ணீராக இருந்தால் வேலை இதோடு முடிந்திருக்கும். எண்ணெய் கொழகொழவென்று இருக்கும், தெளிக்க வராது. மண்ணெண்ணெயோ சைலீனோ கலந்து நீர்க்கச் செய்தால் தெளிக்கலாம். ஆனால் அத்தனையும் கரி, அதாவது கார்பன். பிளாஸ்மா தடுமாறும், குழாய் வாயில் கரி படியும். கரியை எரிக்கக் கூடவே கொஞ்சம் ஆக்சிஜன் விட வேண்டும். இன்னொரு வழி, எண்ணெயையே இல்லாமல் செய்வது: அரை கிராம் எண்ணெயை நைட்ரிக் அமிலத்தோடு டெஃப்லான் குடுவையில் இறுக மூடி, மைக்ரோவேவில் 200 டிகிரி வரை சூடாக்கினால் கொழுப்பு சிதைந்து தெளிந்த நீர் மிஞ்சும். ஆனால் அதை 50 மில்லிலிட்டர் ஆக்கும்போது ஏற்கெனவே துளியாக இருந்த ஈயம் இன்னும் நூறு மடங்கு நீர்த்துவிடும். அப்போது ஒளியைப் பார்ப்பது பற்றாது. அயனிகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமாலைக் கருவி வேண்டும்.

அங்கேயும் எண்ணெய் விடுவதில்லை. ஆர்கானின் எடை எண் 40, கரியினுடையது 12. பிளாஸ்மாவில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் 52. குரோமியத்தின் எடை எண்ணும் 52! இல்லாத குரோமியத்தை எண்ணெயின் கரியே இருப்பதாகக் காட்டிவிடும். இதைத் தீர்க்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. வழியில் ஹீலியம் வாயுவை நிரப்பி வைக்கிறார்கள். ஒட்டிப்பிறந்த ஜோடி பருமன் கூடியது. ஹீலியத்தில் அடிக்கடி முட்டி வேகம் இழந்து நின்றுவிடும். தனி அணுவான குரோமியம் கடந்து போய்விடும்.

பூமிக்கடியில் எடுக்கும் கச்சா எண்ணெயில் தேடுவது பெரும்பாலும் வனேடியமும் நிக்கலும். உலையில் எரியும்போது வனேடியம் ஆக்சைடாகி, 700 டிகிரிக்குள்ளேயே உருகி, டர்பைன் தகடுகளை அரிக்கும். அது அங்கே வந்த கதை அழகானது. 1934-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் டிரைப்ஸ், கச்சா எண்ணெயில் வனேடியத்தைப் பிடித்து வைத்திருந்த மூலக்கூறு, இலைப் பச்சையத்தின் வளையத்தைப் போலவே இருப்பதைக் காட்டினார். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருந்த இடத்தில் வனேடியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோலியம் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு அது பெரிய சாட்சி.

இந்த அறிவு நம் கரைக்கு நேரடியாகப் பயன்படுவது படகு இன்ஜினில்தான். பழைய ஆயிலில் இரும்பு கூடினால் சிலிண்டரோ பிஸ்டன் ரிங்கோ தேய்கிறது. செம்பு கூடினால் பேரிங், புஷ் பக்கம் பார்க்க வேண்டும். அலுமினியம் பிஸ்டனைக் காட்டும், சிலிக்கான் மணலையும் தூசியையும். சோடியமும் மக்னீசியமும் சேர்ந்து ஏறினால், குளிர்விக்கும் கடல்நீர் எங்கோ உள்ளே கசிகிறது. கடல்நீரில் சோடியம் மக்னீசியத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. கூலண்ட்டிலும் ஆயிலிலும் கலக்கும் மருந்துகளிலும் இவை இருக்கக்கூடும் என்பதால், புதிய ஆயிலையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்மாவில் ஆவியாவது மிக நுண்ணிய துகள்தான். பல்சக்கரம் உடைந்து பெரிய சில்லாக விழுந்திருந்தால் கருவி அதைப் பார்க்காது. ஃபில்டரைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆயிலை எடுப்பதிலும் கவனம் வேண்டும்: இன்ஜின் ஓடி நின்ற சூட்டில், வடியும்போது முதலில் வருவதை விட்டு நடுவில், கடல் தண்ணீர் படாத சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். உப்புக் கை பட்ட பாட்டில் என்றால், ஓட்டையே இல்லாத இன்ஜினிலும் சோடியம் தெரியும்.