2 அங்குலம், 90 கிலோமீட்டர்

அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புது மின்சார கார் வாங்கப் போகிறோம். 18 அங்குல வீலா, 20 அங்குலமா? 20-தான் அழகு என்கிறான் மகன். ஓடும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்கிறார் விற்பனையாளர்."

மகன் சொல்வது சரி. விற்பனையாளர் சொல்வது தவறு. ஹூண்டாய் ஐயோனிக் 6 காரின் 2023 மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 77.4 கிலோவாட் மணி பேட்டரி, அதே பின்சக்கர மோட்டார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் 18 அங்குல வீல் கொண்ட வகை ஒரு சார்ஜில் 361 மைல் ஓடுகிறது. 20 அங்குல வகை 305 மைல்தான். 90 கிலோமீட்டர் போய்விட்டது! விலை கூடிய வகையில் வேறு சாமான்களும் உண்டுதான். ஆனாலும் பெரும் பங்கு வீலுக்கும் டயருக்கும்தான்.

இத்தனைக்கும் சக்கரத்தின் உயரம் மாறவில்லை. சிறியதில் 225/55 ஆர்18, பெரியதில் 245/40 ஆர்20 என்று எழுதியிருக்கும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது டயரின் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் வெளிவிட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். கூடியது உலோகம், பக்கச்சுவர் 124 மில்லிமீட்டரிலிருந்து 98 ஆகிவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்கு. அகன்ற டயரும் வீலின் திறந்த ஆரங்களும் காற்றுத்தடையைக் கூட்டும். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். எனக்குப் பிடித்த இடம் ரப்பர்.

உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, தாண்டியதும் நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் இப்படி நசுங்கி எழுகிறது. நசுக்கிய ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை; ஒரு பங்கை வெப்பமாக விழுங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடி நின்ற டயரைத் தொட்டால் சுடுகிறதே, அது உங்கள் பேட்டரியிலிருந்து போனதுதான்.

விழுங்காத ரப்பரைச் செய்துவிட வேண்டியதுதானே? செய்யலாம், மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. சாலைக் கற்களின் நுண்முனைகள் ரப்பரை நெளிக்க, அந்த ஆற்றலை ரப்பர் விழுங்குவதால்தான் ஈரச் சாலையில் பிடிப்பே கிடைக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது நெளிவின் வேகம். உருளும்போது நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு நெளிவு. பிரேக்கில் சறுக்கும்போது நுண்முனைகள் தரும் நெளிவோ ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மெதுவான அசைவுக்கு ஈடுகொடுக்கும். அதிவேக அசைவில் திணறிச் சூடாகும். குளிர்வித்தாலும் இதே திணறல் வரும் என்பதுதான் அழகு! ஆகவே ஆய்வகத்தில் ஒரே ரப்பர்த் துண்டை, ஒரே கருவியில், ஒரே நிதானத்தில், வெப்பநிலையை மட்டும் மாற்றி ஆட்டிப் பார்த்தால் போதும். 60 டிகிரி செல்சியஸில் அது விழுங்கும் அளவு உருளும் தடையை, அதாவது உருளும்போது வீணாகும் ஆற்றலைச் சொல்லும். 0 டிகிரியில் விழுங்குவது மழைநாள் பிரேக்கைச் சொல்லும்.

முன்னதில் குறைவாகவும் பின்னதில் அதிகமாகவும் விழுங்க வேண்டும். வலுவுக்காகச் சேர்க்கும் கரித்தூள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு நெளிவிலும் பிரிந்து சேர்ந்து சூடேற்றும். மாற்று, மணலில் இருக்கும் சிலிக்கா. ஆனால் அதற்கும் ரப்பருக்கும் ஆகாது. இங்கே சிலேன் என்னும் மூலக்கூறு கல்யாணத் தரகர் வேலை பார்க்கிறது: ஒரு முனையால் சிலிக்காவைப் பிடித்து, மறுமுனையிலுள்ள கந்தகத்தால் ரப்பரோடு முடிச்சுப் போடுகிறது. பிரான்ஸின் மிஷெலின் நிறுவனம் 1992-இல் இதைப் ‘பச்சை’ டயராக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு அதுவும் கறுப்புத்தான்.

மீதி இருப்பது தேய்மானம். எடை கூடிய மின்சார கார்கள் டயரைச் சீக்கிரம் தேய்க்கின்றன. தேய்ந்து உதிரும் தூளில் உள்ள ஒரு பாதுகாப்பு ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து உருவாகும் நஞ்சுதான், அமெரிக்காவின் வடமேற்கு ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் சாவதற்குக் காரணம் என்று 2020-இல் கண்டறிந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சிக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு துளியாவது இதற்கு மாற்று தேடும் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

வாசகருக்கு: 18 அங்குலமே வாங்குங்கள். டயர் மாற்றும் நாளில் பழையதன் சுமை எண்ணுக்கு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) குறையாததாகப் பாருங்கள், கூடுதல் சுமை தாங்கும் டயரைக் குறிக்கும் ‘எச்.எல்.’ என்றிருந்தால் புதியதிலும் அது இருக்கட்டும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு வேலை எளிது: உருளும் தடைக்கும் ஈரப் பிடிப்புக்கும் ‘ஏ’ முதல் ‘இ’ வரை தரம் போட்ட சீட்டே டயரோடு வரும். புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதில் டயருக்கு நட்டமில்லை. மைலேஜ் கூடும் என்று காசு வாங்கிக்கொண்டு நைட்ரஜன் அடைக்கிறார்களே, அந்த மூடநம்பிக்கைதான் எனக்கு ஆகாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அழுத்த எண்ணை, டயர் ஆறியிருக்கும்போது மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.