நிலக்கீழ் வடம்: ஒரு சொல் விளக்கம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரே கம்பத்தின் உச்சியில் மின்கம்பிகளும், அவற்றுக்குக் கீழே தொலைபேசி இணைப்பும், இன்னும் கீழே தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் இழுத்தபின் மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டிய கறுப்பு வளையங்களும் தெரியும். பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் 'வயர்' என்பதே பெயர். பேச்சுக்கு அது போதும். இவற்றை நிலத்துக்குள் கொண்டுபோவது பற்றி எழுதும்போதுதான் 'நிலத்தடிக் கம்பி', 'அண்டர்கிரவுண்ட் கேபிள்' என ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். இவற்றில் முதலாவது, தமிழாக இருந்தும் பொருந்தாது.

கம்பி என்பது நீட்டி இழுத்த உலோகம். வேட்டிக் கரையின் மெல்லிய கோட்டையும் கம்பி என்போம்; சொல்லாமல் கொள்ளாமல் ஓடியவன் கம்பி நீட்டிவிட்டான் என்போம். கம்பத்தின்மேல் ஓடுவது பெரும்பாலும் உறையற்ற உலோகமே. சுற்றியுள்ள காற்றே அதற்குச் செலவில்லாத காவலி (மின்னைக் கசியவிடாமல் தடுக்கும் பொருள்), கம்பத்தோடு சேரும் இடத்தில் மட்டும் பீங்கான் தேவைப்படும். ஈரமண்ணோ மின்னைக் கடத்தும். ஆகவே, நிலத்துக்குள் போகும் கடத்தி ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கும் காவலிட வேண்டும்: முன்னாளில் எண்ணெய் ஊறிய கடதாசியும் அதன்மேல் ஈய உறையும், இன்று குறுக்குப் பிணைப்புள்ள பொலித்தீன், உலோகத் திரை, வெளியுறை. காற்றைப் போல மண் வெப்பத்தை விரைவாகக் கொண்டுபோகாததால், அதே மின்னோட்டத்துக்குப் பருமனான கடத்தியும் வேண்டும். செலவு பல மடங்காவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இப்படிப் பல அடுக்குகளாகத் திரண்ட பொருளைக் கம்பி என்பது எப்படிப் பொருந்தும்?

அதற்குரிய சொல் வடம். பல புரிகளை முறுக்கித் திரித்த பெருங்கயிறு வடம். தேரிழுக்க நாம் பிடிப்பது அதைத்தான். 'கேபிள்' என்ற சொல்லும் கயிற்றிலிருந்தே வந்தது. பற்றிப் பிடித்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து விலங்கைக் கட்டும் கயிற்றுக்குப் பெயராகி, பின்னர் கப்பலின் நங்கூரக் கயிற்றைக் குறித்து, 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்தி இணைப்புப் போடப்பட்ட காலத்தில் மின்னைக் கடத்தும் உறையிட்ட கயிற்றுக்கும் வழங்கலாயிற்று. இரண்டு மொழியிலும் பாதை ஒன்றாக இருப்பதால், மின்வடம் என்பது வலிந்து செய்த மொழிபெயர்ப்பாகத் தோன்றுவதில்லை.

அடுத்தது முன்னொட்டு. தமிழ்நாட்டில் 'புதைவடம்' என்று எழுதுகிறார்கள். புதைத்த, புதைக்கின்ற, புதைக்கும் வடம் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் மணற்படுக்கையில் கிடத்தி, மேலே காப்புப் பலகையும் எச்சரிக்கை நாடாவும் விரித்து மண்ணால் மூடிய வடத்துக்கு மட்டுமே அது சரியாகப் பொருந்தும். நிலத்துக்குள் முன்பே பதித்த குழாயினூடாக இழுக்கப்படும் வடம் புதைக்கப்படுவதில்லை; பழுதானால் வீதியைக் கிண்டாமல் உருவியெடுத்து வேறொன்றை இழுக்கலாம். இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாக, நிலக்கீழ் நீர் என்று நாம் வழக்கமாக எழுதும் முறையிலேயே அமைந்த 'நிலக்கீழ் வடம்' என்பதையே நான் விரும்புவேன்.

மேலே ஓடுவதைக் கீழே மாற்றும் பணிக்கு 'நிலக்கீழாக்கல்' எனலாம். 1888இன் பெரும் பனிப்புயல் கம்பங்களைச் சாய்த்த பிறகு நியூயோர்க் நகரம் விரைவுபடுத்தியது இந்தப் பணியைத்தான். 'வடம் புதைத்தல்' என்றால் புதிதாகப் போடுவதையும் குறிக்கும். பழைய இணைப்பு கம்பத்திலிருந்து இறங்குகிறது என்ற செய்தி அதில் இல்லை.

கொழும்பில் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகருக்குள் 11 கிலோவோல்ற்று விநியோகம் பெரும்பாலும் ஏற்கெனவே நிலத்துக்குக் கீழேதான் நடக்கிறது. உப மின்நிலையங்களை இணைக்கும் 132 கிலோவோல்ற்று வடங்களும் வீதிகளின் கீழே செல்கின்றன. தலைக்குமேல் எஞ்சியிருப்பவை வீடுகளுக்கான தாழ் வோல்ற்றளவுக் கம்பிகளும், தொலைபேசி வடங்களும், ஒளியிழை வடங்களும். ஒளியிழையில் ஓடுவது மின்னல்ல, ஒளி. எனவே ஒழுங்கையிலுள்ள எல்லாவற்றையும் இறக்கும் திட்டத்தை 'மின்வட நிலக்கீழாக்கல்' என்று தலைப்பிட்டால், கண்ணை உறுத்தும் அந்தக் கறுப்பு வளையங்கள் அதற்குள் அடங்கா; 'வட நிலக்கீழாக்கல்' என்றால் அடங்கும்.