புகாரில் ‘இம்பீட்’ போடுவதற்கு முன்

ஆங்கில ‘இம்பீட்’டை (impede) ‘தடுத்து நிறுத்துவது’ என்று நினைத்து எழுதிய கடிதம் மறுபடியும் ஒன்று வந்துவிட்டது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். புதுச்சேரியில் மனு, நோட்டீஸ், பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ஒரு பெரியவர், போனைப் பார்த்துத் தானே ஆங்கிலத்தில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியும் விட்ட கடிதத்தோடு வந்தார். பக்கத்து மனைக்காரர் பொதுப்பாதையில் முள்வேலி போட்டுவிட்டார், சைக்கிள்கூட உள்ளே போகவில்லை. கடிதத்திலோ, எங்கள் போக்குவரத்தை ‘இம்பீட்’ செய்தார் என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் இரண்டே வரி: சிரமம் என்றுதானே சொல்கிறீர்கள், போய்வர முடிகிறதல்லவா?

இதை எப்படி மறுப்பது?

இம்பீட் என்றால் நிறுத்துவது அல்ல. எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! வேகத்தைக் குறைப்பது, சிரமப்படுத்துவது, அவ்வளவுதான். வேலை நடக்கும், இழுபறியாக நடக்கும். சொல்லின் லத்தீன் வேரே பாதம்தான், காலைப் பிணைப்பதுதான். முன்னங்காலில் தளைக்கயிறு கட்டிய மாடு மேயும், நகரும், ஓடத்தான் முடியாது. ஹின்டர், ஹாம்பர் இரண்டும் இதே ரகம். அடியோடு நடக்கவிடாமல் செய்தால் ப்ரிவென்ட். வழியை அடைத்தால் அப்ஸ்ட்ரக்ட், ப்ளாக். இத்தனைக்கும் சேர்த்து ‘தடு’ என்று ஒரே பொருளைப் போட்டுவிடுகின்றன நம் கையடக்க அகராதிகள். பாதி வினை அங்கே. மீதி, பெரிய வார்த்தை போட்டால் அதிகாரி மிரளுவார் என்கிற நினைப்பில்.

தேங்காய்த்திட்டு துறைமுக முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து, நீர் ஏறும்வரை காத்திருந்து, அடி தட்டுமோ என்று பயந்துகொண்டே விசைப்படகு வெளியேறுகிறதா? மணல் படகை இம்பீட் செய்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதே படகு கடலுக்குப் போகவே கூடாது. அங்கே போய் இம்பீட் எழுதினால் கடலூர் முதுநகரில் வலை பின்னுகிறவர்கூட சிரிப்பார்.

பிரெஞ்சு தெரிந்த நம்மூர்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. ‘எம்பெஷே’ உங்களை ஏமாற்றும். அதுவும் அந்த லத்தீன் பாதத்தின் வம்சம்தான், ஆனால் பிரெஞ்சில் அது முழுத் தடை, ஆங்கிலத்தில் ப்ரிவென்ட். ஓசை ஒத்துப்போகிறதே என்று இம்பீட் எழுதிக்கொண்டு வருகிறார்கள். திருத்தித் திருத்தி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

பெயர்ச்சொல்லான இம்பெடிமென்ட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஸ்பீச் இம்பெடிமென்ட் என்றால் பேச்சு வரும், திக்கி வரும். சர்ச்சில் திருமண ஓலை வாசிக்கும்போது, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்கிற இம்பெடிமென்ட் இருக்கிறதே, அதில் சில இருந்தால் கல்யாணமே செல்லாது. அது சட்ட வழக்கு, வினைச்சொல்லுக்கு அதை இழுக்காதீர்கள்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவு, போக உரிமையுள்ள திசையில் ஒருவரைப் போகவிடாமல் வேண்டுமென்றே மறிப்பதைப் பற்றியது. அதில் இருக்கும் வினைச்சொற்கள் அப்ஸ்ட்ரக்ட், ப்ரிவென்ட். உங்கள் இம்பீட் அங்கே இல்லை.

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: காரியம் நின்றதா, தாமதமானதா? இம்பீட்டுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ ஒட்டாதீர்கள். வேலையை, முன்னேற்றத்தை, போக்குவரத்தை என்று நேராகப் போடுங்கள். ‘ப்ரிவென்ட் டு கோ’ கிடையாது, ‘ப்ரிவென்ட் ஃப்ரம் கோயிங்’தான். நேரில் பேசும்போது எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடும் காகிதத்தில் வேண்டாம்.

தயவுசெய்து, சந்தேகமாக இருந்தால் தமிழிலேயே கொடுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் தமிழ்தானே ஆட்சிமொழி! தமிழில் எழுதும்போதும் ‘தடுத்தார்’ என்று மொட்டையாக விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதி, பாதையில் எந்த இடம், என்ன போட்டு அடைத்தார், எந்த வண்டி திரும்பிப் போனது, எல்லாம் வேண்டும்.