வலிக்கு அறிதுயில் சரி, பழைய நினைவுக்கு வேண்டாம்

போன வருடம் திருகோணமலை உப்புவெளியில் அக்காவின் மகனுக்குக் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. ஒன்பது வயதுப் பையன், ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டதுமே கத்தத் தொடங்கினான். அங்கே இருந்த வயதான தாதி ஒருவர் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "தம்பி, கோட்டைக்குள்ள மான் பாத்தனீங்களா? கொம்பு வைச்சது எத்தினை நிண்டது?" என்று கேட்டார். மூன்று என்றான். பெரியது எந்தப் பக்கம் நின்றது, என்ன தின்றது, குட்டி எங்கே நின்றது என்று அவர் கேட்டுக்கொண்டே போக, இவன் கண்ணை மூடி யோசித்து யோசித்துச் சொன்னான். விறைப்பூசி போட்டதும் முள்ளை எடுத்ததும் அந்த மான்களுக்கு நடுவிலேயே நடந்து முடிந்தது.

இதை ஹிப்னோதெரபி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் கரு இதுதான். கவனம் முழுவதையும் ஒன்றில் குவிக்கச் செய்து, அந்த நிலையில் 'கை பாரமாகிறது', 'வயிறு இளகுகிறது' என்று சொல்லும் வார்த்தையை உடம்பு ஏற்றுக்கொள்ள வைப்பது. தமிழில் அறிதுயில் என்கிறோம், ஆனால் அது தூக்கமே இல்லை. கோணேசர் கோயிலில் பூசை நேரம் கண்மூடி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டாலும் கேட்காதே, அதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்து நிலை. 1840களில் ஹிப்னாட்டிசம் என்ற பெயரைப் பரப்பிய ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்டே, இது ஒரே எண்ணத்தில் மனம் ஒன்றும் விஷயம் என்று பிறகு கண்டு பெயரை மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

வலியில் இது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஒரே வாளித் தண்ணீரை ஒருவர் 'ஆகா' என்று ஊற்றிக்கொள்வார், இன்னொருவர் துள்ளி ஓடுவார். சூடு ஒன்றுதான், அது தரும் அவதி வேறு. 1997இல் மொன்றியலில் பியர் ரென்வில் குழுவினர், சுடுநீரில் கையை வைத்தவர்களுக்கு அறிதுயிலில் அந்த அவதி கூடுவதாகவும் குறைவதாகவும் சொல்லி, மூளையைப் படம் பிடித்தார்கள். வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன்புறச் சிங்குலேட் பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறியது, தொடுகையை உணரும் பகுதி பெரிதாக மாறவில்லை. நடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது குடல், ஐ.பி.எஸ் (IBS) என்ற குடல் கோளாறு. சோதித்துப் பார்த்தால் ஒரு புண்ணும் இருக்காது, ஆனால் வயிறு பொருமும், இழுத்துப் பிடிக்கும், பஸ் ஏறவே பயமாக இருக்கும். 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் இப்படிப்பட்ட 30 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அறிதுயில் பெற்றவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வயிற்றில் கையை வைத்து அந்தச் சூட்டை உணரச் சொல்வார்கள், குடலை ஓடும் ஆறாக நினைக்கச் சொல்வார்கள். மகாவலி மூதூர்ப் பக்கம் அவசரமில்லாமல் கொட்டியாரக் குடாவில் வந்து விழுவதை நாங்கள் நினைத்துக்கொள்ளலாம். மருந்து எடுத்து 12 மாதமாகியும் குறையாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரித்தானிய வழிகாட்டுதலே சொல்கிறது.

அறிதுயில் எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாது. நூற்றில் பத்துப் பதினைந்து பேர் சட்டென்று ஆழமாகப் போவார்கள், சிலருக்கு ஒன்றுமே நடக்காது. ஒரே நாளில் சிகரெட்டை மறக்க வைப்போம் என்ற விளம்பரங்களுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. முடிந்த பிறகு தலையிடியோ தலைச்சுற்றோ கொஞ்ச நேரம் இருக்கலாம். இல்லாத குரல் கேட்கும் அளவுக்கு மனநோய் உள்ளவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது. மலத்தில் இரத்தம் போகிறது, உடம்பு மெலிகிறது என்றால் முதலில் வைத்தியரிடம் போங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

ஆனால் நான் உண்மையில் பயப்படுவது 'மறந்துபோனதை வெளியே எடுத்துத் தருகிறோம்' என்பவர்களுக்குத்தான். ஒன்றை நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைத் துண்டு துண்டாக எடுத்துத் திரும்பக் கட்டுகிறது, இடையில் ஓட்டை இருந்தால் கற்பனையாலும் கேட்பவரின் கேள்வியாலும் அடைத்துவிடுகிறது. அறிதுயிலில் நினைவு சரியாவதில்லை, அது சரி என்ற நம்பிக்கைதான் கூடுகிறது. அதனால்தான் அமெரிக்காவில் பல மாநில நீதிமன்றங்கள் அப்படி எடுத்த சாட்சியத்தை ஏற்பதில்லை. போன பிறவிக் கதைகளும் இதே வழியில் வருபவைதான். காணாமல் போனவர்களையும், 2004 டிசம்பர் 26 காலை கடல் கொண்டுபோனவர்களையும் நினைத்தபடி இருக்கும் வீடுகள் நிறைந்த ஊர் இது, இங்கே அந்த விளையாட்டு கூடவே கூடாது.

என் நண்பன் ஒருவனுக்குச் சுனாமியில் தங்கச்சி போய்விட்டாள். அப்போது அவனுக்கு ஆறு வயது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒருவர் அவனைப் படுக்க வைத்து, "அந்தக் காலைக்குத் திரும்பிப் போங்க, தங்கச்சியிட கை எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவள் கை தன் கையிலிருந்து நழுவுவதை இவன் கண்டான். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நான்தான் கையை விட்டேன் என்று கடைசியில் தாயிடம் போய் அழுதான். அவர் திகைத்துப்போனார். "நீ அங்க இருக்கவே இல்லையடா. காய்ச்சலெண்டு உவர்மலையில அம்மம்மாவோட விட்டிட்டுத்தானே வந்தனான்."

இப்போது ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய் வருகிறான், தூக்கம் பரவாயில்லை. அம்மா சொன்னதை முழுதாக நம்புகிறான். அந்தக் கை மட்டும் இன்னும் நழுவிக்கொண்டே இருக்கிறது என்கிறான்.