கிரேக்கக் காசு வார்த்ததா, அடித்ததா?

ஏதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசு ஒன்றின் படத்தை அனுப்பி, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார். விற்பவர் தந்திருந்த தமிழ்க் குறிப்பில், ஒரு பக்கம் அதீனாவின் தலை, மறுபக்கம் ஆந்தையும் ஒலிவக் கொப்பும், எடை 17.1 கிராம் என்று எல்லாம் முறையாகவே இருந்தன. ஆனால் குறிப்பின் முதல் வரி, "கி.மு. 440 வாக்கில் வார்க்கப்பட்ட வெள்ளி நாணயம்" என்றது. இந்த "வார்க்கப்பட்ட" என்ற சொல்லைத் தமிழ்க் கட்டுரைகளிலும் அருங்காட்சியக விளக்கப் பலகைகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்திருக்கிறேன். பழங்காசு சேகரிப்பவருக்கு இதைவிடத் தீங்கான மொழிபெயர்ப்பு வேறு இல்லை என்பதால், இனியும் பேசாமல் இருப்பது சரியன்று.

காசுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வினை "ஸ்டிரைக்"; அடித்தல் என்பதற்கு மேல் அதில் பொருள் ஏதும் இல்லை. உருவத்தைப் பதிக்கும் கருவி "டை". நம் ஊர் லேத் பட்டறைகளிலும் அதே பெயர்தான். கிரேக்கர்கள் காசுக்கு ஆண்ட வினையும் அடித்தலே. "கோப்தெயின்" என்றால் அடித்தல், வெட்டுதல். அதிலிருந்து பிறந்த "கொம்மா" என்பது காசில் விழும் அச்சுப் பதிவு. கி.மு. 405இல் அரங்கேறிய "தவளைகள்" நாடகத்தில் அரிஸ்டோபனீஸ், செம்மையாக அடித்துத் தட்டி ஒலி பார்த்த பழைய நல்ல காசுகளை விட்டுவிட்டு, நேற்றும் அதற்கு முன்தினமும் மட்டமான அச்சில் அடித்த செப்புக் காசுகளை ஏதென்ஸ் மக்கள் புழங்குகிறார்கள் என்று குறைகூறும் இடத்தில், அடித்தல் என்ற வினையையே ஆள்கிறார். நாம் காற்புள்ளிக்குச் சொல்லும் "கமா"வும் வெட்டுண்ட துண்டு என்ற பொருளில் வந்த அதே சொல்தான். "டைப்" என்பதும் அடித்தலைக் குறிக்கும் இன்னொரு கிரேக்க வினையிலிருந்து வந்தது.

வேலை நடந்த முறையைப் பார்த்தால் பெயர் தானே விளங்கும். நிறை பார்த்துச் செய்த வெறும் வெள்ளி வில்லை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதீனாவின் தலையைக் குழிவாகச் செதுக்கிய அச்சு பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். அதன்மேல் வில்லையை வைத்து, ஆந்தை செதுக்கிய மற்றோர் அச்சை மேலே நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஆந்தைக் காசைக் கையில் வாங்கி உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த அடி இன்றும் தெரியும். ஆந்தையைச் சுற்றி லேசாக அமிழ்ந்த சதுரம் மேலிருந்த அச்சின் விளிம்பு விட்டுச்சென்ற தடம். ஓரத்தில் வெள்ளி பிளந்திருந்தால் அடி தாங்காமல் பிளந்தது. அச்சின் அளவுக்கு வில்லை போதாமையால் அதீனாவின் தலைக்கவசத்துக் கொண்டை பெரும்பாலான காசுகளில் வெளியே விழுந்துபோயிருக்கும்.

வார்த்தல் என்பது இதற்கு முற்றிலும் வேறான தொழில். மாவை ஊற்றினால் தோசை வார்த்தல். உருக்கிய உலோகத்தை ஊற்றினால் மணி வார்த்தல், சிலை வார்த்தல். அசல் கிரேக்கக் காசை மண்ணில் பதித்துப் படியெடுத்து, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றிச் செய்வது போலி செய்பவர்களின் மிகப் பழைய வழி. அப்படிச் செய்த காசில் காற்றுக் குமிழி விட்ட நுண்குழிகள் இருக்கும். எழுத்தின் விளிம்புகள் கூர்மை இழந்து மழுங்கியிருக்கும். ஓரத்தில் இரு பாதிகள் கூடிய தழும்பை அரம் கொண்டு தேய்த்த கீறல் இருக்கும். சேகரிப்பவர் முதலில் கற்கும் பாடமே அடித்ததையும் வார்த்ததையும் பிரித்தறிவதுதான். அடித்ததெல்லாம் அசல் ஆகிவிடாது என்பது உண்மையே. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) புதிதாக அச்சுச் செதுக்கி அடித்த போலிகள் பெரிய சேகரிப்பாளர்களையே ஏமாற்றின. ஆனால் ஆந்தைக் காசு வார்த்தது என்று தெரிந்துவிட்டால் அதன்பின் ஆராய ஒன்றுமில்லை. அசலை விவரிக்கும் இடத்தில் போலிக்குரிய சொல்லை எழுதினால், தமிழ் வழியாக இத்துறைக்குள் வருபவருக்கு அந்த முதற்பாடம் எப்படி விளங்கும்?

"டை"க்கு "வார்ப்பச்சு" என்று வழங்குவோர் செய்யும் குழப்பம் இன்னும் பெரியது. ஒரே அச்சில் அடித்த இரு காசுகளை இனங்கண்டு, அச்சில் விழுந்த வெடிப்பு வளர்ந்த வரிசையைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று நிறுவுவது இத்துறை ஆய்வின் முதுகெலும்பு. ஓர் அச்சில் அடித்த இரு காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கும். வில்லையின் வடிவம், பிளவு, உருவம் சாய்ந்து விழுந்த இடம் ஆகியவை வேறுபடும். வார்ப்புக் குழியில் பிறந்தவற்றிலோ பிளவு உட்பட அத்தனையும் ஒன்றாக இருக்கும், அதுவே போலி என்பதற்குச் சான்று. முன்னதற்கும் பின்னதற்கும் "ஒரே வார்ப்பச்சில் பிறந்தவை" என்று ஒரே தொடரை எழுதினால், படிப்பவர் அசலையும் போலியையும் எதைக் கொண்டு பிரிப்பார்?

"வார்த்தல்" என்று எழுதுவோர் சொல்லும் காரணங்களையும் எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். "அச்சில் வார்த்தாற்போல" என்ற வழக்கு தமிழில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது வெல்லம் வார்க்கும் அச்சு. அச்சு என்ற சொல் இரண்டையும் தழுவுவதாலேயே வினையைச் சரியாகத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வெறும் வில்லையையே சில இடங்களில் உருக்கி ஊற்றித்தானே செய்தார்கள் என்பது அடுத்த வாதம். செய்தார்கள், ஆனால் வில்லை காசு ஆவது அடி விழுந்த பிறகே. மூன்றாவது வாதம், "காசு அடித்தான்" என்றால் திருடினான் என்றல்லவா பொருள் என்பது. பேச்சில் அப்படியும் ஒரு பொருள் உண்டு. ஆனால் செலவு கேட்கும் பிள்ளையிடம் "வீட்டில் என்ன நோட்டா அடிக்கிறோம்?" என்று சொல்லும் தாயை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. "ஏதென்ஸ் அடித்த காசு" என்ற தொடரில் திருட்டுப் பொருள் எங்கே வந்து நுழையும்?

என் கணிப்பில் உண்மைக் காரணம் வேறு. அடித்தல் கொச்சை, வார்த்தல் உயர்வு என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஊறிக் கிடக்கிறது. சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளால் வார்ப்பு என்ற சொல்லுக்கு வந்த பெருமையைக் காசுக்கும் ஏற்றிவிடுகிறார்கள். பட்டறையில் நிற்பவர் வாயில் வரும் சொல்லைக் கேட்காமல் அகராதியைப் புரட்டுவதால் வரும் கேடு இது. "டை" என்பதற்குப் பகடை என்ற பொருளும் இருப்பதால் "மேற்பகடை, கீழ்ப்பகடை" என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் நான் படித்திருக்கிறேன். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொருள் பிறழ்ந்த தூய சொல்லைக் காட்டிலும், பட்டறைக்காரரின் "டை"யே மேல்.

"முத்திரை குத்திய" என்பதும் பொருந்தாது. இந்தியாவின் பண்டைய முத்திரைக் காசுகளுக்கு அது நிலைத்த பெயர். பல சிறு முத்திரைகளைத் தனித்தனியே குத்திய அவை வேறு வகை. "அச்சிட்ட" என்பது பிழையன்று, எனினும் தாளும் மையும் நினைவுக்கு வருகின்றன. "அடியச்சு" என்றால் அடியில் இருக்கும் அச்சு என்றும் பொருள்படும். ஆகவே கருவிக்குக் காசச்சு, பட்டறைக்கல்லில் இருப்பது கீழச்சு, சம்மட்டி அடி வாங்குவது மேலச்சு என்று நான் எழுதிவருகிறேன். நேரே அடி வாங்கிய மேலச்சு விரைவில் தேய்ந்து உடைந்தது, கீழச்சு நெடுநாள் உழைத்தது என்று எழுதும்போது, எதை எதற்கு முன் மாற்றினார்கள் என்பது விளக்கம் இன்றியே புரிகிறது.

வினைக்கு அடித்தல்; காசுக்கு அடிகாசு என வினைத்தொகையாகவும் சொல்லலாம். அதன் எதிராக வார்காசு என்ற சொல்லும் நமக்குத் தேவை. கருங்கடல் கரையில் இருந்த ஒல்பியா என்ற கிரேக்கக் குடியிருப்பில் ஓங்கில் (டால்பின்) வடிவத்தில் சிறு வெண்கலக் காசுகளை உண்மையாகவே வார்த்தார்கள். துளையிட்ட சீனக் காசுகளும் வார்த்தவையே. நண்பருக்கு எழுதிய பதிலில் விற்பவரின் குறிப்பைத் திருத்தி, "கி.மு. 440 வாக்கில் ஏதென்ஸ் அடித்த வெள்ளிக் காசு" என்று எழுதி, ஓரத்தின் படம் ஒன்றும் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.