"எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே"

மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து காது பரிசோதனைக்குக் குழந்தையைத் தூக்கி வரும் பாட்டிகள் அடித்துச் சொல்வார்கள்: "எவர்சில்வர் தட்டைத் தட்டினா திரும்பிப் பாக்குறானே!" திரும்புவது உண்மைதான். தட்டும் கையின் அசைவு ஓரக்கண்ணில் படுகிறது, தரையின் அதிர்வு உடம்பில் தெரிகிறது. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று அலையாகக் காட்டும் பெரா சோதனையில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். சில குழந்தைகளுக்கு 90 டெசிபலிலும் திரையில் அலையே எழும்பாது.

அப்புறம்தான் குழந்தையின் பெற்றோரிடம் "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்பேன். "அத்தை மகன்தான்", "சொந்தத் தாய்மாமன்" என்பார்கள். கூடவே, "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லையே?" என்ற கேள்வியும் வரும்.

இல்லாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், பழுது மட்டும் சத்தமில்லாமல் தலைமுறை தாண்டும். ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்திகள் மணக்கும்போது, அதே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமன், அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. இந்த வகையில், பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் குறை வெளிப்படும். அதனால் "இவ வயித்துல பொறந்ததாலதான்" என்று மருமகளை மட்டும் குத்திக்காட்டுவது அறியாமை மட்டுமல்ல, அநியாயம். என் அறையிலேயே அதைக் கேட்டிருக்கிறேன், அங்கேயே மறுத்துமிருக்கிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். நிலம் வெளியே போகாது, பெண் தெரிந்த வீட்டில் இருப்பாள் என்ற நிம்மதி டெல்டாவில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். சொந்தத்தில் கட்டினாலே குறை வரும் என்பதும் இல்லை. பொதுவாகப் பிறவிக் குறை நூற்றுக்கு 2, 3 குழந்தைகளுக்கு என்றால், அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாய்மாமன் உறவில் இன்னும் கூடும், தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிய குடும்பங்களிலும் அப்படித்தான். நாலைந்து ஊருக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கத்தில், "சொந்தமில்லை" என்பவர்களுக்குள்ளும் பழைய உறவு இருக்கலாம்.

இன்னொரு தவறான கணக்கு உண்டு. இப்படிப்பட்ட பெற்றோரிடம், குழந்தைக்குக் குறை வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று சொன்னால், "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணுக்குப் பயமில்ல" என்கிறார்கள். அப்படியில்லை. பெற்றோர் இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்றுதான்.

முறைப்பெண் பேச்சு எடுக்கும்போதே, காது கேளாதவர், காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தை, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர் யாரும் இரு வீட்டிலும் உண்டா என்று மறைக்காமல் பேசுங்கள். இருந்தால் நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் பழுதை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். ஏற்கெனவே கட்டியவர்கள் கர்ப்பத்துக்கு முன் போங்கள்.

குழந்தை பிறந்தால் ஒரு மாதத்துக்குள், உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. பரிசோதனை செய்யுங்கள். தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலியில்லை. சந்தேகம் என்றால் மூன்று மாதத்துக்குள் பெரா, குறை உறுதியானால் ஆறு மாதத்துக்குள் காது கருவி. உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனால் ஆறு வயது வரை காத்திருக்காதீர்கள். பேச்சு நன்றாகப் பிடிபடுவது பிறந்த முதல் மூன்று வருடத்தில்தான்.