மைக்ரேன்: ‘ஒற்றை’யும் ‘நாட்பட்ட’வும்

‘க்ரானிக் மைக்ரேன்’ என்ற நோய்ப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில், மைக்ரேன் என்ற தலைவலி நோய். அந்தச் சொல்லுக்கு வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘ஹெமி’ என்றால் பாதி, ‘க்ரானியோன்’ என்றால் மண்டையோடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலன் இந்த நோயை ‘ஹெமிக்ரேனியா’ என்று எழுதிவைத்தார். அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்காரர் வாயில் முதல் அசை உதிர்ந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் ‘மீக்ரிம்’ என்று ஒரு பழைய வடிவமும் உண்டு. அதற்குப் பின்னாளில் மனம்போன போக்கு, காரணமில்லாத சோர்வு என்றெல்லாம் பொருள் ஏறிவிட்டது. நோயாளியின் பேச்சை ஊர் நம்பாத கதை அங்கேயும் பழையதுதான்.

பாதித் தலையைக் கண்டுகொண்டது கிரேக்கர் மட்டுமல்ல. ஆயுர்வேதத்தில் இதற்குப் பெயர் அர்த்தாவபேதகம், பாதியைப் பிளப்பது. அரபியில் ஷகீகா, அதன் வேரும் பிளத்தலே. கன்னடத்தில் அரெதலெநோவு. மலையாளி மட்டும் கணக்குப் பார்க்காமல் வலிக்கிற இடத்தையும் வலிக்கிற விதத்தையும் சேர்த்துச் சென்னிக்குத்து என்கிறார்.

தமிழில் ஒற்றைத் தலைவலி. இணையாக இருப்பவற்றில் ஒன்றை ‘ஒற்றை’ என்பது நம் வழக்கம்: ஒற்றைக் கண், ஒற்றைக் கால், ஒற்றைச் செருப்பு. அந்தக் கணக்கில் தலையின் ஒரு பக்கம் ஒற்றைத் தலை. ஒருதலை வலி என்பாரும் உண்டு. ஒருதலைக் காதல் நினைவுக்கு வந்து தொலைப்பதால் எனக்கு அது ஒட்டவில்லை. ஈழத்தில் தலைவலியையே தலையிடி என்பார்கள். நாடித்துடிப்போடு சேர்ந்து இடிக்கும் இந்த வலிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஆகவே மைக்ரேனுக்கு ஒற்றைத் தலைவலி என்றே எழுதலாம். ஆனால் பெயரைப் பார்த்து நோயை அளக்கக் கூடாது. பலருக்கு இரு பக்கமும் வலிக்கும். குமட்டல், வெளிச்சமும் ஓசையும் தாங்காமை, சிலருக்குப் பார்வையில் வளைந்து நெளியும் மின்னல் கோடுகள் எனத் தலைவலிக்கு வெளியே நிறைய இருக்கிறது. மருந்து எடுக்காவிட்டால் ஒரு தாக்கு 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ‘தலைவலிதானே’ என்று அலுவலகத்தில் கிடைக்கும் பதிலுக்குப் பெயரில் உள்ள ‘தலைவலி’யும் ஒரு காரணம்.

சிக்கல் ‘க்ரானிக்’ என்ற அடைமொழியில்தான். கிரேக்கத்தில் ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். அதனால் ‘நாட்பட்ட’ என்று பெயர்த்தோம். சர்க்கரை நோய்க்கு அது சரி. இங்கே அளவுகோல் வேறு: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அவற்றில் குறைந்தது 8 நாள் மைக்ரேன் தன்மையோடு, இப்படி 3 மாதத்துக்கு மேல். இருபது வருடமாக மாதம் ஒருமுறை வருகிறவருக்கு இருப்பது நாட்பட்ட நோய்தான். ஆனால் ‘க்ரானிக் மைக்ரேன்’ அல்ல. எத்தனை வருடம் என்பதல்ல, மாதத்தில் எத்தனை நாள் என்பதே கேள்வி. ‘தீராத’ என்று போடுவது இன்னும் மோசம். நாள் எண்ணிக்கை குறைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறவர்கள் பலர். ‘ஓயாத ஒற்றைத் தலைவலி’ என்பது என் பரிந்துரை. மாதத்தில் 15 நாளுக்குக் குறைவாக வருவதை ‘விட்டு விட்டு வரும் ஒற்றைத் தலைவலி’ எனலாம்.

விட்டு விட்டு வந்தது ஓயாததாக மாறுவதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. மைக்ரேன் தாக்கை நிறுத்தும் சுமட்ரிப்டான் வகையை மாதம் 10 நாளுக்கும், பாராசிட்டமால் போன்றவற்றை 15 நாளுக்கும் குறையாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் மருந்தே வலியைக் கொண்டுவரும். இதை ‘மருந்து மிகைத் தலைவலி’ எனலாம். வலி நிறுத்தும் மாத்திரை வேறு, தடுப்பு மருந்து வேறு என்ற பிரிப்பு நம் பேச்சில் இல்லாததால், இரண்டையும் ‘தலைவலி மாத்திரை’ என்றே சொல்லிக் குழம்புகிறோம்.

தடுப்பு மருந்துகளில் பழையவை பெரும்பாலும் வேறு நோய்களிடமிருந்து இரவல். ப்ரோப்ரனோலால் இதய நோய்க்கும், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும், டோபிராமேட் வலிப்புக்கும் வந்தவை. மாத்திரையின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ‘எனக்கு வலிப்பா?’ என்று பதறுவது இதனால்தான். முகச் சுருக்கம் நீக்கும் ஊசியாகப் பலர் அறிந்த போடாக்ஸும் இரவல்தான், அமெரிக்காவில் 2010இல் ஓயாத வகைக்கு அனுமதி பெற்றது. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என 31 இடங்களில் சிறு ஊசிகள், 12 வாரத்துக்கு ஒருமுறை.

மைக்ரேனைத் தடுப்பதற்கென்றே உருவானவை சிஜிஆர்பி மருந்துகள். முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் (ட்ரைஜெமினல்) முனைகளில் சுரந்து வலியைத் தூண்டும் சிறு புரதத்தின் பெயர் சிஜிஆர்பி. அது செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை அடைக்கும் எரெனுமாப் ஊசி 2018இல் வந்தது. மாதம் ஒருமுறை தோலுக்கடியில் தாமே போட்டுக்கொள்ளலாம். அட்டோஜெபன்ட் போன்ற மாத்திரைகள் பின்னால் வந்தன. விலைதான் பெரும் தடை.

புதிய மருந்து ‘கேட்டதா’ என்று கேட்பார்கள். வலி அறவே நிற்பதைக் கொண்டு அதை முடிவுசெய்வதில்லை. மாதத்தின் வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். அதற்கும் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நாட்காட்டியில் குறித்து வைத்தால்தான் தெரியும்.